கேரி கில்டால்

விண்டோஸ் இயங்குதளம் உடைய கணிப்பொறியைத் திறந்தால், அதன் முதன்மை வட்டு ‘சி’ என்னும் எழுத்தைப் பெயராகக் கொண்டிருப்பதைக் காணலாம். ‘ஏ’யும் ‘பி’யும் எங்கே சென்றன? அவை ஒரு காலத்தில் இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகளின் பெயர்களாக இருந்தன. நெகிழ்வட்டுகள் வழக்கொழிந்து போயின. எழுத்து வரிசையோ மாறாமல் நின்றுவிட்டது. இவ்வழக்கைச் சிறு கணிப்பொறிகளிடையே பரப்பியவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர்.

கில்டால் 1942-ஆம் ஆண்டு மே திங்கள் 19-ஆம் நாள் சியாட்டில் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் கடலில் வழியறிந்து கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்திவந்தனர். கணித ஆசிரியராக வேண்டும் என்னும் விருப்பத்துடன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கில்டாலின் உள்ளத்தைக் கணிப்பொறி கவர்ந்துகொண்டது. படைப்பணிக் கடமையை நிறைவேற்றும் பொருட்டு, கலிபோர்னியாவில் மான்டரி நகரிலுள்ள கடற்படை மேற்படிப்புப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். 1972-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அந்நாளில் கணிப்பொறி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் பெரும்பொறி. 1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் விரல் நகத்தினும் சிறிய நுண்செயலி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறு கருவிகளை இயக்கவே அது பயன்படும் என்று பலர் கருதினர். கில்டாலோ அதனுள் முழுக் கணிப்பொறி ஒன்றைக் கண்டார். விடுமுறை நாள்களில் இன்டெலுக்குச் சென்று பணிபுரிந்து, நுண்செயலிக்கெனப் பி.எல்.எம். என்னும் நிரல்மொழியை ஆக்கினார்.

நிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் சேமித்துவைப்பது அவருக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. நெகிழ்வட்டு இயக்கி ஒன்று கைக்கு வந்தபோது புதிய வழி பிறந்தது. ஆயினும் வட்டு என்பது எழுத இடம் தரும் வெறுந்தட்டுதான். எந்தச் செய்தி எங்கே உள்ளது என்று அது அறியாது. நூலகத்தில் நூலின் பெயரைச் சொன்னால் இடமறிந்து எடுத்துத் தர ஒருவர் வேண்டும் அல்லவா? அப்பணியைச் செய்வதே இயங்குதளத்தின் கடமைகளுள் ஒன்று. ஜான் டோரோடு என்னும் நண்பர் வட்டினை இயக்கும் மின்சுற்றை அமைத்துத் தர, கில்டால் 1974-ஆம் ஆண்டில் சி.பி.எம். என்னும் இயங்குதளத்தை உருவாக்கி இயக்கிக் காட்டினார். வட்டுகளுக்கு எழுத்துகளைப் பெயராக இடுவதும், கோப்பின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து அதன் வகையைக் குறிப்பதும் பெரும்பொறிகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட வழக்கங்களே. இன்டெல் சி.பி.எம்.மை விற்க முன்வரவில்லை. எனவே, அவரும் அவர் துணைவியார் டாரதியும் பசிபிக் குரோவ் என்னும் கடற்கரை ஊரில் டிஜிட்டல் ரிசர்ச் என்னும் நிறுவனத்தைத் தொடங்கித் தாமே விற்றனர்.

விற்கத் தொடங்கியதும் ஓர் இடர் தோன்றியது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணிப்பொறியும் ஒவ்வொரு விதமாக இருந்தது. வட்டு வேறு, திரை வேறு, விசைப்பலகை வேறு. புதிய பொறி வரும்போதெல்லாம் இயங்குதளத்தை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. கில்டால் அதனைப் பிரித்துவிட்டார். பொறிக்குப் பொறி மாறுவன யாவற்றையும் ஒரு சிறு பகுதியில் ஒதுக்கி, அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். எஞ்சிய பெரும்பகுதி எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாயிற்று. புதிய கணிப்பொறி செய்பவர் தம் பொறிக்கேற்ற பயாஸை மட்டும் எழுதினால் போதும். அதன்பின் ஒருவர் எழுதிய நிரல் பல நிறுவனங்களின் பொறிகளில் ஓடியது. மென்பொருள் எழுதுவது தனித்தொழிலாக வளர்ந்தது. கில்டாலின் பணிகளுள் இதுவே தலையாயது எனலாம்.

1980-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் புதிய சிறு கணிப்பொறிக்கு இயங்குதளம் வேண்டிப் பசிபிக் குரோவுக்கு வந்தனர். அன்று காலை கில்டால் தம் விமானத்தில் வேறொரு வாடிக்கையாளரைக் காணச் சென்றிருந்தார். வானில் உலாவிப் பொழுதைக் கழித்துப் பெருஞ்செல்வத்தை இழந்தார் என்று பின்னர்ப் பரவிய கதை அவருக்கு நீதி செய்வதாகாது. அவர் தொழிலின் பொருட்டே சென்றார். எவ்வாறாயினும், அன்று உடன்பாடு ஏற்படவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் டிம் பேட்டர்சன் என்பவர் எழுதிய வேறோர் இயங்குதளத்தின் உரிமையை வாங்கி ஐ.பி.எம்.முக்கு அளித்தது. அது நிரல்களுக்குப் பணிசெய்யும் முறையில் சி.பி.எம்.மைப் பெரிதும் ஒத்திருந்தது. கில்டால் முறையிட்டார். மென்பொருள் உரிமை பற்றிய சட்டம் தெளிவுபெறாத காலம் அது. அவர் வழக்கு மன்றம் ஏறவில்லை. ஐ.பி.எம். இரண்டையும் விற்க இசைந்தது. ஆனால் மைக்ரோசாப்ட் அளித்ததன் விலை 40 டாலர், சி.பி.எம்.மின் விலை 240 டாலர். மக்கள் எதனை வாங்கினர் என்று சொல்ல வேண்டுவதில்லை.

அதன்பின்னும் கில்டால் சோர்ந்து இருந்துவிடவில்லை. கலைக்களஞ்சியம் ஒன்றைக் குறுவட்டில் ஏற்றும் முயற்சியில் முன்நின்று, 1985-ஆம் ஆண்டில் அதனை வெளிக்கொணர்ந்தார். 1991-ஆம் ஆண்டில் டிஜிட்டல் ரிசர்ச் நோவெல் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1994-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் மான்டரியில் கில்டால் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

கணிப்பொறியை விழிக்கச் செய்யும் பகுதிக்கு இக்காலத்தில் வேறு அமைப்பு வந்துவிட்டபோதிலும், அதனைப் பயாஸ் என்றே அழைப்போர் பலர். பசிபிக் குரோவில் டிஜிட்டல் ரிசர்ச் இயங்கிய வீட்டின் முன்னே, 2014-ஆம் ஆண்டில் மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தார் சி.பி.எம்.மின் நினைவாகப் பட்டயம் ஒன்றைப் பதித்தனர்.