மிளகும் மதிலும் மூட்டிய போர்

கோயம்புத்தூரில் கோட்டைமேடு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய்க் கோட்டை எங்கே என்று தேடினால் கிடைக்காது. பெயர் மட்டும்தான் மிச்சம். ஆனால் ஒரு காலத்தில் அங்கே உண்மையாகவே கோட்டை இருந்தது. 1768 முதல் 1799 வரை, 31 வருடங்களில் கோவை நகரம் ஏழு முறை கை மாறியது! ஏன் என்று தெரிய வேண்டுமானால், திப்பு சுல்தானின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திப்பு 1750ஆம் ஆண்டு, பெங்களூருக்கு அருகில் உள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். நம் ஆற்காட்டில் அடக்கமாகியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியவரின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். தந்தை ஹைதர் அலி, மைசூர்ப் படையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனாவது நன்றாகப் படிக்கட்டும் என்று ஆசிரியர்களை வைத்துக் கற்பித்தார். கூடவே குதிரையேற்றமும் வாள் பயிற்சியும் நடந்தன.

1761இல் மைசூர் ஆட்சி ஹைதரின் கைக்கு வந்தது. கோவை, ஈரோடு, சத்தியமங்கலம், தாராபுரம் எல்லாம் அப்போது மைசூரைச் சேர்ந்த ஊர்கள். ஹைதர் உருவாக்கிய அரசோ புத்தம் புதியது. சுற்றிலும் மராட்டியர், ஹைதராபாத் நிஜாம், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி என்று பலமான போட்டியாளர்கள். திப்பு மீசை முளைக்கும் வயதிலேயே போர்க்களம் போக வேண்டியதாயிற்று.

மேற்குக் கடற்கரையில் மாஹே என்ற பிரெஞ்சுத் துறைமுகம் உண்டு. ஹைதருக்கு ஆயுதங்கள் அந்த வழியாகத்தான் வந்தன. 1779இல் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. ஹைதருக்குக் கோபம் வந்தது. 1780இல் போர் மூண்டது. போர் நடக்கும்போதே, 1782 டிசம்பரில் ஹைதர் இறந்துபோனார். திப்பு அரசரானார். 1784இல் மங்களூரில் உடன்படிக்கை ஏற்பட்டு, அவரவர் பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அத்தோடு சண்டை முடிந்ததா? இல்லை! சமாதானம் கையெழுத்தான பிறகுதான் மூன்று புதிய தகராறுகள் முளைத்தன.

முதல் தகராறு, மிளகு. மலபார் மிளகுக்கு ஐரோப்பாவில் ஏக கிராக்கி. மலபார் அப்போது திப்புவின் ஆட்சியில் இருந்தது. மிளகு, ஏலக்காய், சந்தனக்கட்டை ஆகியவற்றைக் கம்பெனிக்கு விற்கக் கூடாது என்று அவர் தடை போட்டார். அரசாங்கமே வாங்கி, அரசாங்கமே விற்க ஏற்பாடு செய்தார். அரபு நாட்டின் மஸ்கட் வரை அவருடைய வியாபாரம் நீண்டது. தலச்சேரியில் பண்டகசாலை வைத்திருந்த கம்பெனிக்குப் பலத்த அடி.

இரண்டாவது, அடைக்கலம். மலபாரில் திப்புவை எதிர்த்துக் கலகம் நடந்தது. அதை அவர் கடுமையாக அடக்கினார். மலபாரிலும் குடகிலும் அவருடைய படைகளால் மக்கள் பட்ட துன்பம் அதிகம். அங்கே இன்றைக்கும் அவரைப் பற்றிக் கசப்பான நினைவுகள் உண்டு. தப்பியவர்கள் பலர் திருவிதாங்கூருக்கு ஓடினார்கள். திருவிதாங்கூர் மன்னர் ராம வர்மா அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

மூன்றாவது, மதில். திருவிதாங்கூரார் தங்கள் வட எல்லையைக் காக்க, சுமார் 48 கிலோமீட்டர் நீளத்துக்கு மண் மதிலும் அகழியும் அமைத்திருந்தார்கள். அதன் பெயர் நெடுங்கோட்டை. அதில் ஒரு பகுதி கொச்சி மன்னரின் நிலத்தில் இருந்தது. கொச்சி மன்னரோ திப்புவுக்குக் கப்பம் கட்டுபவர். போதாக்குறைக்கு, 1789இல் டச்சுக்காரர்கள் கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என்ற இரண்டு சிறிய கோட்டைகளைத் திருவிதாங்கூருக்கு விற்றார்கள். தமக்குக் கப்பம் கட்டும் நாட்டு இடத்தை விற்க அவர்கள் யார் என்பது திப்புவின் வாதம். காசு கொடுத்து வாங்கியதை ஏன் திருப்பித் தர வேண்டும் என்பது ராம வர்மாவின் வாதம்.

திப்பு கோவைக்கு வந்து படையோடு முகாமிட்டார். இங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனால் கேரளம்தானே! 1789 டிசம்பர் 29 அன்று அவருடைய படை நெடுங்கோட்டையைத் தாக்கித் தோற்றது. அடுத்த ஏப்ரலில் மறுபடி தாக்கி மதிலை உடைத்தது. ஆனால் மங்களூர் உடன்படிக்கையிலேயே திருவிதாங்கூர் கம்பெனியின் நண்பன் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனிக்குப் போர் தொடுக்க வேறென்ன காரணம் வேண்டும்?

அப்போதைய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். 1781இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தாரே, அதே தளபதிதான்! அவர் நிஜாமையும் மராட்டியரையும் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். 1790இல் கம்பெனிப் படை திருச்சியிலிருந்து புறப்பட்டு, கரூர், தாராபுரம் வழியாக ஜூலையில் கோவைக்கு வந்தது. செப்டம்பரில் திப்பு கெஜலட்டிக் கணவாய் வழியே இறங்கிச் சத்தியமங்கலத்தில் மோதினார். 1791 நவம்பரில், நீண்ட முற்றுகைக்குப் பின் கோவை மீண்டும் திப்புவிடம் வந்தது.

கொங்கு நாட்டு உழவர்களை நினைத்துப் பாருங்கள். மிளகு அவர்கள் விளைத்ததல்ல. மதில் அவர்கள் கட்டியதல்ல. ஆனால் எந்தப் படை வந்தாலும் அதற்குத் தானியமும் வைக்கோலும் வேண்டும். பீரங்கி இழுக்கக் காளைகள் வேண்டும். எல்லையில் இருந்ததால் இரண்டு பக்கத்துப் படைகளும் அவர்கள் வயல் வழியாகத்தான் போய் வந்தன.

1792இல் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தையே முற்றுகையிட்டார். திப்பு பணிய நேர்ந்தது. பாதி நாடு போயிற்று. அதோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். அதைக் கட்டும்வரை அவருடைய இரண்டு மகன்கள் பிணையாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். இருவரும் உங்களைப் போன்ற சிறுவர்கள்! அப்பா அம்மாவைப் பிரிந்து அவர்கள் இருந்தது இரண்டு ஆண்டுகள். 1794இல்தான் ஊர் திரும்பினார்கள்.

பாலக்காடு, திண்டுக்கல், சேலம் எல்லாம் கம்பெனிக்குப் போய்விட்டதால், கோவையின் மூன்று பக்கமும் எல்லையாகிவிட்டது. 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் போரிட்டபடியே திப்பு உயிர் துறந்தார். கோவை கம்பெனியின் கைக்குப் போனது. அதன் பிறகும் கம்பெனியை எதிர்த்துக் கொங்கு மண்ணில் போராடினார் தீரன் சின்னமலை. 1805இல் அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்.

திப்புவின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் தங்கள் ராக்கெட்டுகளைச் செய்தார்கள். பட்டு வளர்ப்பையும் மைசூரில் பரப்பியவர் அவர். அத்தனை அறிவும் துணிவும் இருந்தவர்தான், இரண்டு சிறிய கோட்டைகளுக்காகப் பாதி நாட்டை இழந்தார்.

யார் மேல் தவறு என்று கேட்கிறீர்களா? ஒவ்வொருவரும் தம் பக்கம்தான் நியாயம் என்று நினைத்தார்கள். அடுத்தவர் பக்கத்தை யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். தென்னிந்திய வரைபடத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம், சத்தியமங்கலம், கோவை, பாலக்காடு, கொடுங்கல்லூர் ஆகிய ஊர்களைக் கண்டுபிடித்துக் கோடு போட்டு இணையுங்கள். மைசூரிலிருந்து கடலுக்குப் போகும் வழியில் நம் கோவை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்!