கம்பியின்றி ஓடிய படகு

நிகோலா டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் ஸ்மில்ஜன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த அவ்வூர், இன்று குரோஷியா நாட்டில் உள்ளது. தந்தையார் கிறித்தவ ஆலயத்தின் குரு. தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் வீட்டு வேலைகளுக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறன் வாய்ந்தவர். புதியன படைக்கும் ஆற்றல் தமக்குத் தாயிடமிருந்தே வந்தது என்று டெஸ்லா பிற்காலத்தில் எழுதினார்.

சிறுவனாக இருந்தபோது அவர் செய்த பொறி ஒன்று விந்தையானது. மெல்லிய குச்சிகளைக் குறுக்காக இணைத்து, அவற்றில் உயிருள்ள வண்டுகளை ஒட்டினார். வண்டுகள் சிறகடிக்கக் குச்சிகள் சுழன்றன. அச்சுழற்சி பெரிய வட்டு ஒன்றையும் சுழற்றியது. வண்டுகள் மணிக்கணக்கில் சலியாமல் உழைத்தன. ஒருநாள் அங்கு வந்த சிறுவன் ஒருவன், எடுத்து வைத்திருந்த வண்டுகளை உயிரோடு தின்னத் தொடங்கினான். அருவருப்புற்ற நிகோலா அன்றோடு பூச்சிகளைத் தொடுவதையே விட்டுவிட்டார். பொறி செய்வதை மட்டும் விடவில்லை.

1884ஆம் ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். எடிசனின் நிறுவனத்தில் சில மாதங்கள் பணிபுரிந்து விலகினார். மாறுதிசை மின்னோட்டத்தால் இயங்கும் மின்மோட்டாருக்கு 1888இல் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளுக்கு இன்று வரும் மின்சாரம் அவ்வகையைச் சேர்ந்ததே. புகழ் பெருகிய வேளையில், 1895 மார்ச்சு மாதத்தில் அவருடைய நியூயார்க் ஆய்வுக்கூடம் தீக்கிரையாயிற்று. பல்லாண்டு உழைப்பும் கருவிகளும் குறிப்புகளும் ஓரிரவில் சாம்பலாயின. டெஸ்லா வேறோர் இடத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

அப்புதிய ஆய்வுக்கூடத்தில் உருவானதுதான் அந்தப் படகு. 1898ஆம் ஆண்டு, நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நடைபெற்ற மின்சாரப் பொருட்காட்சியில் நீர்த்தொட்டி ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதில் சிறு படகு ஒன்று மிதந்தது. டெஸ்லா சற்றுத் தொலைவில் நின்று ஒரு பெட்டியின் பிடியைத் திருப்பினார். படகு நகர்ந்தது, திரும்பியது, நின்றது, விளக்குகளை அணைத்து ஏற்றியது. பெட்டிக்கும் படகுக்கும் இடையே ஒரு கம்பிகூட இல்லை. பார்த்தவர்களுள் சிலர் அது மாயவித்தை என்றனர். சிலர் மனத்தின் ஆற்றலால் அவர் படகைச் செலுத்துகிறார் என்றனர். உள்ளே பழக்கிய குரங்கு ஒளிந்திருக்கிறது என்று கூறியவர்களும் உண்டு. 64இன் கனமூலம் யாது என்று கேட்கப்பட்டபோது படகின் விளக்குகள் நான்கு முறை ஒளிர்ந்தன. குரங்குக்குக் கணிதம் தெரியாது என்பதையேனும் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்!

உண்மையில் படகினுள் இருந்தவை மின்கலங்கள், படகை உந்த ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப மற்றொரு மோட்டார், அலைகளை உணரும் சிறு குழாய் ஆகியவையே. அக்குழாயில் உலோகத் துகள்கள் நிரப்பப்பட்டிருந்தன. சாதாரண நிலையில் அத்துகள்கள் மின்சாரத்தை எளிதில் கடத்தமாட்டா. பெட்டியிலிருந்து புறப்பட்ட அலை வந்து சேர்ந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்துக்கு வழிவிடும். உடனே உள்ளிருந்த அமைப்பு ஒரு படி நகரும். சுக்கான் திரும்பும் அல்லது நிற்கும். பின்னர்க் குழாய் தானே புரண்டு, துகள்களை உதிர்த்து, அடுத்த அலைக்குக் காத்திருக்கும். இப்புரளல் இல்லையெனில் முதல் கட்டளையோடு படகு செவிடாகிவிடும்.

இன்று சிறுவர்கள் வீட்டில் செய்யும் தொலைவியக்கி வண்டியைத் திறந்து பார்த்தால் இதே ஏற்பாட்டைக் காணலாம். மின்கலமும் மோட்டார்களும் அப்படியே உள்ளன. துகள் குழாயின் இடத்தில் நகத்தளவுச் சில்லு ஒன்று அமர்ந்திருக்கிறது. ஒருவரின் கருவிக்கு மற்றொருவரின் வண்டி இணங்காதிருக்க வேண்டும் என்பதையும் டெஸ்லா அன்றே சிந்தித்தார். வெவ்வேறு அதிர்வெண் கொண்ட இரண்டு அலைகள் சேர்ந்து வந்தால் மட்டுமே இயங்கும் அமைப்பு ஒன்றையும் அவர் வகுத்தார்.

1898 நவம்பரில் படகுக்குக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை அலுவலர் நேரில் வந்து கண்ட பின்னரே அதனை நம்பினார் என்று டெஸ்லா எழுதியுள்ளார். அதனை அரசுக்கு அளிக்க முன்வந்தபோது, வாஷிங்டனில் இருந்த அதிகாரி ஒருவர் அவர் கூறியதைக் கேட்டுச் சிரித்துவிட்டாராம். படகை வாங்குவார் எவருமிலர். பதினேழு ஆண்டுகளில் காப்புரிமைக் காலமும் முடிந்தது. அதன் பின்னர் அவ்வழியைப் பின்பற்றிய எவரும் அவருக்கு ஒரு காசும் தர வேண்டியிருக்கவில்லை.

முதுமையில் டெஸ்லா நியூயார்க் விடுதி ஒன்றில் தனியே வாழ்ந்தார். கையில் பணம் குறைவு. எனினும் புறாக்களுக்குத் தீனி இடுவதை அவர் மறந்ததில்லை. 1943ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் அவ்விடுதி அறையிலேயே காலமானார். அவருடைய கருவிகளும் கையெழுத்துத் தாள்களும் கடல் கடந்து, செர்பியாவின் பெல்கிரேடு நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.