எல்லாப் பக்கமும் பீரங்கி விற்ற மனிதர்: யார் இந்த ஆல்ஃபிரெட் குரூப்?

ஆபீஸ் லிஃப்ட்டிலோ, மால் எஸ்கலேட்டரிலோ 'தைசென்குரூப்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரின் பின்பாதி ஒரு ஜெர்மன் குடும்பத்தின் பெயர். எந்த நாடு யாரிடம் ஆயுதம் வாங்குகிறது, எந்த கம்பெனி யாரை முந்துகிறது என்று இன்றைக்குத் தினமும் செய்தி படிக்கிறோமே, அந்தப் போட்டியைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் அந்தக் குடும்பத்து ஆல்ஃபிரெட்.

1812-ல் எஸ்ஸன் நகரில் பிறந்தார். அப்பா ஃப்ரீட்ரிக், எஃகு ஆலை தொடங்கிக் கடனில் மூழ்கி 1826-ல் இறந்துபோனார். ஆல்ஃபிரெட்டுக்கு அப்போது 14 வயது. கையில் இருந்தது ஒரு நொடித்த ஆலை, ஏழு தொழிலாளர்கள், நிறைய கடன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உலை முன்னால் போய் நின்றார்.

அன்றைக்கு நல்ல எஃகு என்றால் இங்கிலாந்துதான். 1838-ல் அங்கே போன ஆல்ஃபிரெட், பெயரைக்கூட 'ஷ்ரோப்' என்று மாற்றிக்கொண்டு ஆலைகளை நோட்டம் விட்டார். இன்றைய பாஷையில் சொன்னால் தொழில் உளவு! அதே சமயம், ஸ்பூனும் ஃபோர்க்கும் செய்கிற உருளை இயந்திரத்தை விற்றுத்தான் ஆலையை ஓட்டினார். பிற்பாடு பெரிய பணம் வந்ததும் ரயில் சக்கரத்தில்தான். ஒட்டு இல்லாத அவருடைய எஃகு வளையங்களை அமெரிக்க ரயில்வேக்கள் வாங்கிக் குவித்தன. குரூப் சின்னத்தில் உள்ள மூன்று வளையங்களை நிறைய பேர் பீரங்கிக் குழாய் என்று நினைக்கிறார்கள். அவை ரயில் சக்கர வளையங்கள்.

பீரங்கிக்கு வருவோம். 1847-ல் எஃகுக் குழாய் வைத்த பீரங்கி ஒன்றைச் செய்து பிரஷ்ய ராணுவத்திடம் கொடுத்தார். சோதனையில் தேறியது, ஆனால் ஆர்டர் வரவில்லை. வெண்கலப் பீரங்கியை வைத்தே நெப்போலியனை ஜெயித்தாச்சு, விலை கூடின எஃகு எதற்கு என்பது தளபதிகளின் கணக்கு. 1851 லண்டன் கண்காட்சியில் சுமார் இரண்டு டன் எடையுள்ள ஒரே எஃகுக் கட்டியை வைத்து ஆங்கிலேயர்களையே வாய் பிளக்க வைத்தார். பக்கத்திலேயே ஒரு பீரங்கியையும் பளபளவென்று நிறுத்தினார். கூட்டம் வந்தது, பதக்கம் வந்தது, பீரங்கிக்கு ஆர்டர் மட்டும் வரவில்லை.

முதலில் வாங்கியது வெளிநாடுதான், எகிப்து. பிரஷ்யா சுமார் 300 பீரங்கிக் குழாய்களுக்கு ஆர்டர் கொடுக்க 1859 ஆகிவிட்டது. அடுத்து ரஷ்யா வந்தது. ஆனால் ரஷ்யர்கள் உஷார். குரூப்பையே நம்பியிருக்கக் கூடாது என்று 1863-ல் ஒபுகோவ் எஃகு ஆலையைத் தாங்களே தொடங்கினார்கள். கஸ்டமரே போட்டியாளராக மாறுவது இந்தத் தொழிலில் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது. இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங் இன்னொரு போட்டியாளர். பின்பக்கம் குண்டு போடும் அவருடைய பீரங்கியை ஏற்றுக்கொண்ட பிரிட்டிஷ் ராணுவம், கோளாறுகள் வந்ததும் பயந்துபோய் முன்வாய் பீரங்கிக்கே திரும்பிவிட்டது.

1866-ல் சிக்கல் வந்தது. பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போருக்குத் தயாராகின்றன. குரூப் கையிலோ ஆஸ்திரியாவின் ஆர்டரும் இருந்தது! அரசின் அனுமதி இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று பிரஷ்யப் போர் அமைச்சர் கேட்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று குரூப் நழுவினார். நாட்டுப்பற்று, வியாபாரம் இரண்டில் எது முன்னால் என்ற கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொன்னதே இல்லை. அந்தப் போரில் அவருடைய பீரங்கிகள் சிலவற்றின் பின்பகுதி வெடித்து, இயக்கிய பிரஷ்ய வீரர்களே செத்துப்போனார்கள். ஆடிப்போன குரூப், பழுதான ரகத்தைச் சொந்தச் செலவில் மாற்றித் தர முன்வந்தார்.

அடுத்த வருடமே பாரிஸ் கண்காட்சியில் சுமார் 50 டன் எடையுள்ள ராட்சதப் பீரங்கியை நிறுத்தினார். மூன்றாம் நெப்போலியன் பாராட்டி விருது கொடுத்தார். 1868-ல் அவருக்கே குரூப் பீரங்கி கேட்டலாக் போனது. பிரெஞ்சுத் தளபதிகள் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டே வருடத்தில் போர் வந்தது. பிரெஞ்சுத் துப்பாக்கி பிரஷ்யத் துப்பாக்கியைவிட மேல்தான். ஆனால் முன்வாயில் குண்டு திணிக்கும் வெண்கலப் பீரங்கிகளால், தூரத்திலிருந்து வேகமாகச் சுட்ட எஃகுப் பீரங்கிகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1870 செப்டம்பரில் செடானில் மூன்றாம் நெப்போலியனே சிறைப்பட்டார். கேட்டலாக்கை ஒதுக்கியதற்கு அவ்வளவு விலை.

அதற்கப்புறம் ஒட்டோமான் பேரரசு, சீனா என்று ஆர்டர்கள் கொட்டின. ஆனாலும் மனுஷன் அகலக்கால் வைத்திருந்தார். 1873 பொருளாதாரச் சரிவில் மாட்டி, மறுவருடம் வங்கிகளிடம் 3 கோடி மார்க் கடன் வாங்கினார். அந்த 1873-ல்தான் 269 அறைகள் கொண்ட ஹ்யூகல் மாளிகையில் குடியேறினார் என்பது தனிக் கதை. தொழிலாளர்களுக்கு வீடு, மருத்துவ நிதி எல்லாம் கொடுத்தார். ஆனால் சங்கம், ஸ்ட்ரைக் என்ற பேச்சே ஆகாது.

தோற்ற பிரான்ஸ் சும்மா இருக்கவில்லை. ஷ்னைடர் நிறுவனம் எஃகுப் பீரங்கியில் இறங்கியது. தனியார் ஆலைகள் ஆயுதம் ஏற்றுமதி செய்ய 1885-ல் பிரெஞ்சு அரசு சட்டமே போட்டது. குரூப் விற்றுவந்த சந்தைகளில் பிரெஞ்சு ஏஜென்ட்டுகளும் வந்து நின்றார்கள்.

1887 ஜூலை 14 அன்று ஆல்ஃபிரெட் இறந்தபோது, ஏழு பேரோடு தொடங்கிய வேலையில் சுமார் 20,000 பேர் இருந்தார்கள். மகன் ஃப்ரீட்ரிக் ஆல்ஃபிரெட் பொறுப்பேற்று, போர்க்கப்பல்களுக்கான கவசத் தகட்டில் இறங்கினார். 1890-களின் கடைசியில், அந்தத் தகட்டைச் செய்யும் முறையை பிரிட்டிஷ் ஆலைகளே உரிமம் வாங்கிப் பயன்படுத்தின.