மழைக்குக் கணக்கெழுதிய மேதை சர் கில்பர்ட் வாக்கர்

திருவள்ளுவப் பெருந்தகையார் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தார். உழவும் ஊணும், அறமும் தவமும் மழையின்றி நில்லா என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பெங்களூர் மாநகரில் குடியேறி வாழும் நமக்கு அவ்வுண்மையை நூல் கொண்டு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை குறையுமாயின் கிருஷ்ணராஜ சாகரமும் மேட்டூர் அணையும் ஒருங்கே வாடுகின்றன. பிறந்த நாட்டில் உள்ள சுற்றத்தார்க்கும் புகுந்த நாட்டில் உள்ள அண்டை வீட்டார்க்கும் ஒருசேரத் துன்பம் வருகின்றது. இருவர்க்கும் இடையே நிற்கும் நாம் இருபாலும் வருந்துகின்றோம். 2023-ஆம் ஆண்டில் மழை குன்ற, 2024-ஆம் ஆண்டின் கோடையில் இந்நகரத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பல வற்றிப்போனதையும், தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடங்களுடன் நின்றதையும் நம் குடும்பங்கள் மறந்திரா.

மழை பொய்க்கப்போவதைச் சில திங்கள் முன்னரே அறிய இயலுமாயின், நீரையும் தானியத்தையும் காத்துவைக்கலாம் அன்றோ? இவ்வினாவிற்கு விடைகாண இந்திய மண்ணில் இருபது ஆண்டுகள் உழைத்தவர் சர் கில்பர்ட் வாக்கர். பிறப்பால் ஆங்கிலேயர், ஆயினும் நம் கணித மேதை சீனிவாச இராமானுஜனுக்கு வழிதிறந்தவர்களுள் ஒருவர். மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம், அன்னாரின் கணித நுட்பங்களை விரித்துரைக்க வல்லோம் அல்லோம். எனினும், பேரேடுகளில் எண்களை எழுதிக் கூட்டியும் கழித்துமே வாழ்நாளைப் போக்கும் நமக்கு, எண்களைத் துணைக்கொண்டு மழையைத் தேடிய அப்பெரியார்பால் தனியன்பு உண்டு. அவ்வன்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

தாது வருஷப் பஞ்சம்

இந்திய வானிலைத் துறை 1875-ஆம் ஆண்டில் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு என்பார். துறை தோன்றிய மறு ஆண்டே தென்னாட்டில் மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர்ச் சீமையையும் வாட்டிய அக்கொடுமையையே நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என வழங்கினர். மைசூர்ச் சீமையில் மட்டும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடுவர். 1864-ஆம் ஆண்டிலேயே ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. அதன் வழியே தானிய மூட்டைகளும் வந்திறங்கின. ஆயினும் மூட்டைகள் உள்ளூர்களைச் சென்று சேருமுன் உயிர்கள் போயின. வண்டி ஓடியும் பயன் குறைந்தமைக்குக் காரணம், துன்பம் வருவது முன்னரே தெரியாமையே.

இமயமலையில் பனி மிகுதியாய்ப் பெய்த ஆண்டில் பருவமழை குறையும் எனப் பிளான்போர்டு கருதினார். 1886 முதல் ஆண்டுதோறும் மழை முன்னறிவிப்பு வெளிவரலாயிற்று. அவர்க்குப்பின் வந்த சர் ஜான் எலியட் 1899-ஆம் ஆண்டில் நன்மழை பெய்யும் என அறிவித்தார். வந்ததோ கடும் வறட்சியும் பெரும் பஞ்சமும். ஏளனத்திற்கு அஞ்சிச் சில ஆண்டுகள் அவ்வறிக்கையை மக்களுக்கு வெளியிடாது அரசினர் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டனர். இத்தகைய இக்கட்டான வேளையில்தான் வாக்கர் அழைக்கப்பெற்றார்.

இளமையும் கல்வியும்

வாக்கர் 1868-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டனில் புனித பவுல் பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜில் டிரினிட்டிக் கல்லூரியிலும் பயின்றார். 1889-ஆம் ஆண்டின் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதல்வராய்த் தேறினார். கடும் படிப்பினால் உடல் நலிந்து, சில ஆண்டுகள் குளிர்காலத்தைச் சுவிட்சர்லாந்தில் கழிக்க நேர்ந்தது. எறிந்தவன் கைக்கே திரும்பிவரும் வளைதடியை ஆற்றங்கரைப் புல்வெளியில் எறிந்து, அதன் பறக்கும் இயல்பைக் கணக்கிட்டு எழுதியமையால் நண்பர்கள் வளைதடியின் பெயராலேயே அவரை அழைத்தனராம். குழலிசையிலும் பெருவிருப்பம் உடையவர்.

இவர் வானிலை நூல் கற்றவர் அல்லர்; வெறுங்கணிதர். அத்தகைய ஒருவரை வானிலைத் துறைக்கு அழைத்தது பலர்க்கு வியப்பளித்தது. ஆயினும் 1904-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்றார்.

சிம்லாவில் பேரேடு

துறையின் தலைமையகம் அந்நாளில் சிம்லாவில் அமைந்தது. வாக்கர் முதலில் ஓர் உண்மையை உணர்ந்தார். மழை எக்காரணத்தால் பெய்கின்றது என்று இயற்கை விதிகளால் கணக்கிடத்தக்க அளவு அறிவு அந்நாளில் எவர்க்கும் இல்லை. ஆகவே காரணத்தை ஊகிப்பதை ஒத்திவைத்து, நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே ஒப்புநோக்கத் துணிந்தார்.

அவர் முறையை நம் அலுவலக வழக்கில் கூறுவோம். ஒரு பேரேட்டில் இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையை எழுதுக. மற்றொன்றில், தொலைவில் உள்ள ஏதேனும் ஓர் ஊரின் காற்றழுத்தத்தை ஆண்டுதோறும் எழுதுக. ஒன்று சராசரியின் மேல் உயரும்போது மற்றதும் உயர்கின்றதா, தாழ்கின்றதா, அன்றித் தொடர்பின்றி அலைகின்றதா எனப் பார்க்க. அத்தொடர்பின் வலிமையை ஓர் எண்ணாகக் கூறுவதே கணித நூலார் ஒட்டுறவு என்பது. கேட்பதற்கு எளிது. ஆயின் கணிப்பொறி தோன்றாத அக்காலத்தில், பல பத்து ஊர்களுக்கும், ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பருவத்திற்கும், முப்பது நாற்பது ஆண்டுக் கணக்கைக் கையாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டியிருந்தது. அப்பணியைச் செய்தவர்கள் சிம்லா அலுவலகத்து இந்திய எழுத்தர்கள். அவர்தம் பெயர்கள் நூல்களில் பெரிதும் இடம்பெறவில்லை. வாக்கரின் புகழ் மாளிகைக்குக் கல் சுமந்தவர்கள் அவர்களே.

இமயத்துப் பனி, மொரீசியசுத் தீவின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், சான்சிபார்த் தீவின் மழை ஆகிய நான்கினைக் கொண்டு 1909-ஆம் ஆண்டளவில் அவர் முன்னறிவிப்புக்கு ஒரு சூத்திரம் வகுத்தார். பாரத நாட்டு உழவனின் வயலுக்கும் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவிற்கும் கணக்கில் உறவு உண்டென்று காட்டிய செயல் இது.

எழுத்தரைக் கண்டறிந்த பெருமகன்

1913-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வாக்கர் சென்னைக்கு வந்தார். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராய் விளங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் முன்னர் இரயில்வேப் பொறியாளராய்ப் பணிபுரிந்தவர் என்பதை நம் துறையினர் பெருமையுடன் நினைவிற் கொள்ளலாம். அவருடைய அலுவலகத்தில் திங்கள் ஒன்றுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் ஓர் இளைஞர் எழுத்தராய் இருந்தார். அவரே கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். ஸ்பிரிங் அவருடைய கணிதக் குறிப்புகளை வாக்கரிடம் காட்டினார்.

தமக்குரிய கணிதப் பிரிவு வேறாயினும், வாக்கர் அவற்றின் அருமையை உணர்ந்தார். பிப்ரவரி 26-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குக் கடிதம் எழுதி, இவ்விளைஞர் வயிற்றுக் கவலையின்றிக் கணிதத்தில் மட்டுமே ஈடுபட வழிசெய்ய வேண்டுமென்று பரிந்துரைத்தார். பல்கலைக்கழகம் திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. அடுத்த ஆண்டு இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். பின்னைய வரலாற்றை நம் பிள்ளைகள் பாடநூலில் பயில்கின்றனர். ஓர் எழுத்தரின் ஏட்டைப் புறந்தள்ளாது புரட்டிப் பார்த்த அப்பண்பினை நாம் ஈண்டு வணங்குகின்றோம்.

உலகத் துலாக்கோல்

வாக்கரின் பேரேடு ஆண்டுதோறும் விரிந்தது. ஆஸ்திரேலியாவின் டார்வின், பசிபிக் கடலின் ஹானலூலு, சமோவா, தென் அமெரிக்காவின் சாண்டியாகோ, எகிப்தில் நைல் நதி வெள்ளம் என உலகின் பல பகுதிக் கணக்குகளும் அதில் ஏறின. 1873-ஆம் ஆண்டில் வியன்னாவில் கூடிய பன்னாட்டு மாநாடு முதலாகவே, வானிலையாளர் பொதுவான அளவைகளால் அளந்து, அளந்ததை ஒருவர்க்கொருவர் வழங்கும் வழக்கம் வேரூன்றி வந்தது. அவ்வழக்கம் இல்லையேல் வாக்கரின் ஏட்டில் பாதிப் பக்கம் வெறுமையாய் இருந்திருக்கும்.

அவ்வெண்கள் வழியே அவர் கண்டது வியத்தகு காட்சி. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும்போது இந்துமாக்கடற் பக்கம் தாழ்கின்றது. இப்பக்கம் உயரும்போது அப்பக்கம் தாழ்கின்றது. உலகின் பாதியை அளாவிய ஒரு துலாக்கோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாய்ந்து சாய்ந்து ஆடுகின்றது. ஆஸ்திரேலியாவின் டாட், சுவீடனின் ஹில்டிபிராண்ட்சன் முதலியோர் இதன் சில பகுதிகளை முன்னரே குறித்திருந்தனர். சிதறிய குறிப்புகளை ஒன்றாகக் கோத்து, 1924-ஆம் ஆண்டில் அதற்குத் தென் அலைவு எனப் பெயர் சூட்டியவர் வாக்கரே.

அவ்வாண்டிலேயே ஓய்வுபெற்று, சர் பட்டம் எய்தி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1927-ஆம் ஆண்டில் உலக வானிலைப் பதிவுகள் என்னும் பெருந்தொகுப்பு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது. அதற்குக் கணக்குத் திரட்டியோருள் வாக்கரோடு ஆஸ்திரியரான எக்ஸ்னரும் அமெரிக்கரான கிளேட்டனும் இருந்தனர். பத்தாண்டுகளுக்கு முன் முதல் உலகப்போரில் எதிரெதிர் நின்ற நாட்டார், மழைக்கணக்கிற்காக ஓரேட்டில் கையொன்றி உழைத்தனர் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கின்றது.

குறையும் நிறைவும்

புகழ்ந்துரைப்பதே வரலாறு ஆகாது. வாக்கரின் சூத்திரங்கள் எண்ணியவாறு பயன்தரவில்லை. ஒரு காலத்தில் வலுவாய்த் தோன்றிய ஒட்டுறவுகள் சில பின்னர்த் தளர்ந்தன. நம் பருவமழை பிற நாட்டு வானிலையைப் பின்பற்றி வருவதினும், அதற்கு முன்னே செல்வதே மிகுதி என்பதும் அவர் ஆராய்ச்சியால் புலப்பட்டது. காரணம் கூறாது எண்களை மட்டும் அடுக்குகின்றார் எனச் சிலர் குறை கூறினர். 1958-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, தென் அலைவினைப் பொருட்டாக மதித்தோர் சிலரே.

ஆயின் விந்தையைக் காண்க. அவர் மறைந்த வேளையில் உலக நாடுகள் பல கூடி நிலவுலகையும் வானையும் கடலையும் ஒருசேர அளந்துகொண்டிருந்தன. 1957 ஜூலை முதல் 1958 முடிய நடைபெற்ற பன்னாட்டு நில இயற்பியல் ஆண்டு என்பது அது. அக்காலத்தில் பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தினும் வெம்மையுற்றன. பெரு நாட்டு மீனவர், கிறிஸ்துமஸ் நாளையொட்டித் தம் கரையில் தோன்றும் வெந்நீரோட்டத்திற்குக் குழந்தை இயேசுவின் பெயரால் எல் நினோ என்று பெயரிட்டிருந்தனர். அவ்வெம்மையும் வாக்கரின் துலாக்கோலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என நார்வே நாட்டவரான ஜேக்கப் பியர்க்னஸ் 1969-ஆம் ஆண்டில் விளக்கினார். கிழக்கும் மேற்குமாய்ச் சுழலும் அக்காற்றோட்டத்திற்கு வாக்கர் சுழற்சி எனப் பெயரும் இட்டார். காரணமின்றி நின்ற எண்களுக்குக் காரணம் கிடைத்தது.

1985 முதல் 1994 வரை பல நாடுகள் கூடி, பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் ஏறத்தாழ 70 மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தின. கடலின் வெம்மையை நாள்தோறும் அவை செயற்கைக்கோள் வழியே கரைக்கு அறிவிக்கலாயின. தாது வருஷப் பஞ்சக் காலத்திலும் 1899-இலும் எல் நினோ நிகழ்ந்திருந்தது என இன்று நாம் அறிகின்றோம். ஆயினும் எல் நினோ வந்தால் மழை பொய்த்தே தீரும் என்று முடிவுகட்டலாகாது. 1997-இல் மிகப்பெரிய எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை குறையவில்லை. 2002-இல் சிறியது வந்தும் வறட்சி நேர்ந்தது. இந்துமாக்கடலின் நடுக்கோட்டுப் பகுதியில் மேகம் கூடும் இடமும் இதிற் பங்குகொள்கின்றது என்று, நம் நகரத்து இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுலோசனா காட்கிலும் அவருடன் உழைத்தோரும் 2004-இல் எடுத்துக்காட்டினர். வாக்கர் திறந்த ஏட்டில் பெங்களூரும் ஒரு பக்கம் எழுதியது நமக்குப் பெருமை. இன்னொன்றும் கூறுவோம்: தென்மேற்கு மழையை ஒடுக்கும் எல் நினோ, தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையைப் பெருக்குவதும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது பசிபிக்கில் வலிய எல் நினோ நிலவியது.

முடிவுரை

மழைக்காலத்தில் வானிலைத் துறையின் எச்சரிக்கை இரயில்வேக்கு வருகின்றது. உடனே இருப்புப்பாதையில் இரவுக் காவல் கூட்டப்படுகின்றது. விளக்கேந்தி நடக்கும் காவலாளி டார்வின் ஊரையோ சமோவாத் தீவையோ கேள்வியுற்றிரான். எனினும் அவன் காக்கும் வண்டியிலுள்ள உயிர்களுக்கு, எங்கோ ஒரு தீவில் குறித்த வேளையில் தவறாது காற்றழுத்தமானியைப் பார்த்து எழுதிவைக்கும் ஒருவரும் துணையாகின்றார்.

எந்நாடும் தன் மழையைத் தான் மட்டுமே அறிந்துகொள்ள இயலாது. பிறர் ஏட்டையும் பார்த்தாக வேண்டும். தன் ஏட்டையும் பிறர்க்குத் திறந்துவைக்க வேண்டும். வாக்கரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே. அளவுகளை மறைக்கும் நாடு பிறரையும் கெடுத்துத் தானும் கெடும். ஒரே காவிரியை உண்டு வாழும் இருமொழி மக்களிடையே வாழும் நமக்கு இவ்வறம் புதிதன்று. அணையில் உள்ள நீரையும் வானில் உள்ள மேகத்தையும் இருசாராரும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒரே ஏட்டில் பார்ப்பாராயின், வறண்ட ஆண்டிலும் மனம் வறளாது.

நம் பிள்ளைகளுள் எண்ணில் விருப்பமுடையோர் இத்துறையை நாடுவாராக. ஏட்டில் எழுதும் ஓர் எண்ணையும் பிழையின்றி எழுதுவாராக. அவ்வெண் எந்நாட்டு உழவனின் பசியைத் தீர்க்கும் என்பதை யாரே அறிவார்!