படிகங்களின் இயல்பறிந்த பேரறிஞர்

கண்ணாடித் துண்டை எப்பக்கம் திருப்பினும் அதன் இயல்பு ஒன்றே. படிகமோ அத்தகையதன்று. அதனுள் அணுக்கள் ஒழுங்குற அணிவகுத்து நிற்கின்றன. ஆதலின், வெப்பத்தைக் கடத்தும் திறனும், அழுத்தத்திற்கு இணங்கும் அளவும், காந்தத்தின்பால் கொள்ளும் உறவும் பெரும்பாலான படிகங்களில் திசைக்குத் திசை வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை நுட்பமாக அளந்து உலகப் புகழ் எய்திய தமிழர், டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் ஆவார்.

1898ஆம் ஆண்டில் வத்திராயிருப்பில் பிறந்த அவர், மதுரையிலும் சென்னையிலும் கல்வி பயின்று, கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனிடம் மாணவராய் அமர்ந்தார். 1928இல் வெளிப்பட்ட இராமன் விளைவில் அவரது உழைப்பும் பெரிது. ஆசிரியருக்கு நோபல் பரிசு கிட்டிய 1930இல், மாணவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் தமக்கெனத் தனிவழி வகுத்துக்கொண்டிருந்தார். அவ்வழியே படிக ஆராய்ச்சி.

அவர் கையாண்ட முறை எளிமையானது. சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் நிறுத்துவார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவார். படிகம் ஓரளவு தாங்கி நின்று, ஓர் எல்லையில் திடீரெனத் திரும்பிவிடும். அந்தக் கோணத்தைக் கொண்டு, திசைகளுக்கிடையே உள்ள காந்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். அணுக்கூறுகள் உள்ளே எவ்வாறு சாய்ந்திருக்கின்றன என்பதையும் உய்த்துணரலாம். பெரும்பொருட் செலவில்லாத இம்முறை பிறநாட்டாராலும் போற்றப்பட்டது. 1940இல் இலண்டன் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

1947இல் புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. கட்டடம், கருவி, ஆள்சேர்ப்பு, குழுக்கூட்டம் என வேலைகள் குவிந்தன. ஆராய்ச்சியை அவற்றுக்குப் பலியிட அவர் மனம் ஒப்பவில்லை. வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கம்பியின் நடுவிலும் முனைகளிலும் வெப்பநிலை எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் திடப்பொருள்களின் வெப்பங்கடத்தும் திறனை அறிய வழிகண்டார். கடுமையாகச் சூடேறிய கிராபைட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுவதையும் அளந்தார். 1961இல் தில்லியில் மறையும்வரை அவர் விஞ்ஞானியாகவே விளங்கினார்.

வடமொழியிலும் தமிழிலும் ஈடுபாடு மிக்க அவர், விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழிலும் எழுதினார். கல்கத்தா, டாக்கா, அலகாபாத், தில்லி என வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறமொழியாரிடையே கழித்தும் தாய்மொழியை மறந்தாரல்லர். பதவி உயர்ந்தபோதும் பணியை விடாமை, ஊர் மாறியபோதும் மொழியை விடாமை: பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு அவர் வாழ்வு காட்டும் நெறிகள் இவை இரண்டுமாம்.