கரைசலின் இரகசியங் கண்ட அரீனியஸ்

பொருளை நிறுக்கத் தராசு உண்டு. ஒருவன் சிந்தனையை நிறுக்க எத்தராசு உண்டு? பரீட்சைப் பெறுபேற்றையே அறிவின் அளவுகோலாகக் கொள்ளும் நமக்கு, சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் சுவாந்தே அரீனியஸின் வாழ்க்கை நல்லதொரு பாடமாகும்.

இவர் 1859 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆந் திகதி, உப்சாலா நகருக்கு அண்மையிலுள்ள வீக் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். மூன்று வயதிலேயே தாமாக வாசிக்கப் பழகிய சிறுவன், வளர்ந்து உப்சாலாப் பல்கலைக்கழகம் புகுந்தான். அங்குள்ள போதனை திருப்தி தராமையால், 1881 இல் ஸ்டொக்ஹோம் சென்று, எட்லண்ட் என்னும் பௌதிகப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட வினா எளியது. தூய நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை. உலர்ந்த உப்பும் கடத்துவதில்லை. உப்பை நீரிற் கரைத்தாலோ மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது. இஃது ஏன்? மின்னோட்டமே உப்பைப் பிளக்கின்றதென்பது அக்காலத்துப் பெரும்பாலோர் கருத்து. மின்னோட்டம் வருமுன்பே, கரைந்த பொருளின் ஒரு பகுதி கடத்துந் தகுதி பெற்றுவிடுகிறதென்று அரீனியஸ் கண்டார். 1884 இல் இதனை விளக்கி, ஏறக்குறைய 150 பக்கங் கொண்ட ஆய்வு நூலைக் கலாநிதிப் பட்டத்துக்காக உப்சாலாவிற் சமர்ப்பித்தார். கிடைத்ததோ நான்காந் தரம்! பட்டம் கிடைத்தது, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகும் வழி அடைபட்டது.

எனினும் அவர் சோர்ந்திருக்கவில்லை. நூலின் பிரதிகளைப் பிறநாட்டு அறிஞர்க்கு அனுப்பினார். ரீகா நகரிற் பேராசிரியராயிருந்த ஒஸ்வால்ட் அதனைப் படித்து வியந்து, அவ்வாண்டிலேயே உப்சாலாவுக்கு நேரில் வந்து, அவ்விளைஞருக்குத் தம்மிடத்தில் பதவி தர முன்வந்தார். அதன் பின்னரே உப்சாலாவும் விரிவுரையாளர் பதவியை வழங்கிற்று.

பின்னர் அவர் ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் பலவற்றிற் பயின்றார். நீர்த்த கரைசலின் பிரசாரண அமுக்கம் வாயுக்களின் விதியையே பின்பற்றுகிறதென்று ஒல்லாந்து அறிஞர் வான் ஹொப் அக்காலத்திற் காட்டியிருந்தார். சீனிக்கு அவ்விதி பொருந்திற்று. கறியுப்புக்கோ அமுக்கம் ஏறக்குறைய இருமடங்காயிற்று. உப்பு இரண்டு அயன்களாகப் பிரிவதே இதற்குக் காரணமென்று 1887 இல் அரீனியஸ் தெளிவாக நிறுவினார். நீரிற் பட்டாற் கொந்தளிக்கும் சோடியமும், நச்சு வாயுவாகிய குளோரீனும் உப்புநீரில் எவ்வாறு அமைதியாயிருக்கும் என்று எதிர்த்தோர் கேட்டனர். மின்னேற்றம் பெற்ற அணு வேறு, பெறாத அணு வேறு என்பதே விடை. வினாகிரி போன்ற மென்னமிலத்தில் ஒரு சிறு பகுதியே பிரிகிறது. பிரிந்தவை மீண்டுங் கூடுகின்றன. பிரியும் வேகமும் கூடும் வேகமும் ஒத்திருப்பதே சமநிலை.

1889 இல் அமிலத்தாற் கரும்புச் சீனி மாறுந் தாக்கத்தை ஆராய்ந்தார். வெப்பநிலை சிறிது உயர, தாக்கவேகம் பெரிதும் உயர்வதேன்? எல்லா மூலக்கூறுகளும் மாறுவதில்லை. ஒரு தடையைத் தாண்டப் போதிய சக்தி பெற்றவையே மாறுகின்றன. வெப்பம் அத்தகையவற்றின் தொகையைப் பெருக்குகிறது. அத்தடையையே இன்று ஏவற்சக்தி என்கிறோம். வளியிலுள்ள காபனீரொட்சைட்டுப் பெருகினாற் பூமி எவ்வளவு வெப்பமடையும் என்பதையும் 1896 இலேயே அவர் கணித்தார்.

1903 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு, நான்காந் தரம் பெற்ற அதே கருத்துக்காக அவரை அடைந்தது. உப்சாலாவில் அவருக்கு ஊக்கமளியாத கிளீவே என்னும் பேராசிரியர், அப்போது இரசாயன நோபெல் குழுவில் அங்கம் வகித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும் வரலாறு முழுமையாகச் சொல்லப்படல் வேண்டும். மூலகங்களை நிரைப்படுத்திய உருசிய அறிஞர் மெண்டலீவுக்கு 1906 ஆம் ஆண்டுப் பரிசைக் குழுவின் பெரும்பான்மையோர் பரிந்துரைத்தும் அது கிட்டவில்லை. அரீனியஸின் எதிர்ப்பும் அதற்கொரு காரணமென்பர் வரலாற்றாசிரியர். மெண்டலீவ் அடுத்த ஆண்டே காலமானார். இளமையிற் குறைத்து மதிக்கப்பட்டவர், முதுமையிற் பிறரைக் குறைத்து மதிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்! 1927 ஒக்டோபர் 2 ஆந் திகதி அரீனியஸ் ஸ்டொக்ஹோமில் மறைந்தார்.

இளைஞர்களே, தரங் குறைந்ததென்று உங்கள் சிந்தனையைக் கைவிடாதீர்கள். அதனை மதிப்போர் வேறிடத்தில் இருத்தல் கூடும். பெரியோர்களே, உப்சாலாவைத் தேடி வந்த ஒஸ்வால்ட்டை மறவாதீர்கள். மூலக்கூறு தடையைத் தாண்ட வெப்பம் வேண்டும். இளைஞன் தடையைத் தாண்ட ஒரு மூத்தவரின் நம்பிக்கை வேண்டும்.