வெள்ளியே இல்லாத 'வெள்ளி மண்டபம்'... ஊர் எரிந்தபோது ஓவியம் ரசித்த ஷோகன்! யார் இந்த யோஷிமாசா?

ஜப்பானின் கியோட்டோவுக்கு டூர் போறவங்க தவறாமல் பார்க்கும் இடம் ஜின்காகுஜி. பெயருக்கு அர்த்தம் வெள்ளி மண்டபக் கோயில். ஆனால் தேடினாலும் அங்கே ஒரு பொட்டு வெள்ளி கிடைக்காது. வெறும் மரக் கட்டடம்தான். அதைக் கட்டத் தொடங்கியவர் அஷிகாகா யோஷிமாசா. ஆட்சியில் படுதோல்வி, ரசனையில் உச்சம் என இரண்டு பெயரும் வாங்கியவர்.

அப்போது ஜப்பானில் பேரரசர் பெயருக்குத்தான். அதிகாரம் ஷோகன் எனும் ராணுவ ஆட்சியாளரிடம் இருந்தது. 1436-ல் பிறந்த யோஷிமாசாவின் அப்பாவும் ஷோகன்தான். 1441-ல் விருந்துக்குப் போன இடத்தில் அவர் கொல்லப்பட்டார். அடுத்து வந்த அண்ணனும் 1443-ல் இறந்துவிட, பொறுப்பு சிறுவன் தலையில் விழுந்தது. 1449-ல் முறைப்படி 8-வது ஷோகன் ஆனபோது வயது 13.

1461-ல் கடும் பஞ்சம். கியோட்டோவில் மட்டும் 2 மாதங்களில் 82,000 பேர் இறந்ததாக அந்தக் காலக் குறிப்பு சொல்கிறது. அப்பவும் அரண்மனை வேலையை யோஷிமாசா நிறுத்தவில்லை. பேரரசர் கோ-ஹனசோனோ கவிதை எழுதியே கண்டிக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது வாரிசுப் பிரச்னை. ஆண் குழந்தை இல்லையே என்று, துறவியாக இருந்த தம்பி யோஷிமியை 1464-ல் கூட்டிவந்து வாரிசாக்கினார். மறுவருஷமே மனைவி ஹினோ டோமிகோவுக்கு மகன் பிறந்தான்! ஏற்கெனவே மோதிக்கொண்டிருந்த ஹொசோகாவா, யமானா என்ற இரு பெரும் பிரபுக்களுக்கு இது சாக்காகிவிட்டது. 1467-ல் வெடித்த ஓனின் போர் 10 வருஷம் நீண்டது. கியோட்டோவின் பெரும்பகுதி சாம்பல். ஷோகன் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமா என்பது வேறு விவாதம். அவர் பெரிதாக முயலவில்லை என்பது மட்டும் நிஜம். 1473-ல் பதவியை 8 வயது மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

1482-ல் கிழக்கு மலையடிவாரத்தில் புது மாளிகை வேலை தொடங்கியது. போரில் நொந்துபோன மக்களிடமே அதற்கும் வரி, உழைப்பு வாங்கப்பட்டது. ஆனால் கலையில் நடந்ததுதான் ஆச்சரியம். நோவாமி, கெய்யாமி, சோவாமி என தாத்தா, மகன், பேரன் மூவரும் யோஷிமாசாவின் சீன ஓவியங்களைத் தரம் பிரித்தார்கள். எதை எங்கே மாட்டுவது என்றுகூட விதி வகுத்தார்கள். மாளிகைச் சுவர்களில் வரைய கானோ மசானோபு அழைக்கப்பட்டார். பெரும்பாலும் ஜென் துறவிகள் கையில் இருந்த மை ஓவியத்துக்கு, துறவியல்லாத ஒருவர் வந்தார். அவர் வழிவந்த கானோ ஓவியர்கள் சுமார் 400 ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சியாளர்களுக்கு வரைந்தார்கள். அங்குள்ள நாலரைப் பாய் அளவு குட்டி அறைதான் பின்னாளில் வந்த தேநீர் அறைகளுக்கு முன்னோடி என்கிறார்கள்.

1489-ல் மண்டப வேலை ஆரம்பம். அதே ஆண்டு மகன் போர் முகாமில் இறந்தார். 1490 ஜனவரியில் யோஷிமாசாவும் போய்ச்சேர்ந்தார். மண்டபம் முடிந்ததை அவர் பார்க்கவே இல்லை. மாளிகை கோயிலானது. வெள்ளி மண்டபம் என்ற பெயரோ, அவர் இறந்து நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து மக்கள் வைத்தது.